இரண்டு கைகளிலும் கட்டியவை

ஹோர்சன்ஸ் என்ற ஐரோப்பிய ஊரின் தொழிற்சாலையில், இயந்திரங்களை இயக்கும் கணினிப் பலகையை அன்றுதான் முதன்முதலாக, பயந்து பயந்து பொருத்தப்போனேன். வெளியே பனி இறங்க, ஊரே நித்திரையில் மிதப்பதுபோல் இருந்தது. உடம்பிலுள்ள மின்சாரம் தாவினால் பலகை பழுதாகிவிடும். அதைத் தரைக்குக் கடத்தும் பட்டியை இடது மணிக்கட்டில் கட்டினேன். பட்டியைச் சோதிக்கும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

பக்கத்து மேசை அண்ணை, மாதா கோயிலுக்குப் போகும் மன்னார்க்காரர், எட்டிப் பார்த்தார். “பட்டி தோலில முட்டேல்லை, தங்கச்சி. காப்புநூல் தடுக்குது.”

“கௌரி விரதத்தில புருசனுக்காகக் கட்டின காப்பு அண்ணை. என்ர மனுசனுக்கு நாளைக்கு ஒப்பரேசன். இதை அறுக்கமாட்டன்.”

“ஆர் அறுக்கச் சொன்னது? மற்றக் கையைத் தாங்கோ.”

வலக்கையில் அவரே மாட்டிவிட்டார். விளக்கு பச்சையானது. ஜன்னல் கண்ணாடியில் பனியும் பச்சையாய் மிதந்தது.

பட்டி பலகைக்காக, நூல் கணவருக்காக. என் கைகளில் கட்டியிருந்த எதுவும் எனக்காக இல்லை. ஆனாலும் பயம் விட்டுப்போனது எனக்குத்தான்.