எம் வகுப்பில் ஒரு எஞ்சினியர்

சோதிலிங்கம் எஞ்சினியர் அல்ல, எஞ்சினியருக்கு எடுபட்டவர். இரண்டுக்கும் நடுவில் நாலு வருடப் படிப்பும் ஒரு யுத்தமும் கிடக்கின்றன. ஆனால் யாழ்ப்பாணத்தில் அதை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி எடுபட்டவன் என்றால் எடுபட்டவன்தான். அங்கே போய்ச் சேர்ந்தானா என்று கேட்பது மரியாதையில்லை. இவர் போய்ச் சேரவில்லை. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு பிள்ளையைத் தெற்கே ரயிலேற்றத் தாய்க்குத் துணிவு வரவில்லை. பேராதனை இருக்கிற கண்டிக்கு அனுப்பப் பயந்த அதே தாய்தான், கொஞ்சக் காலம் கழித்து மாஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினுக்குப் பயப்படாமல் அனுப்பி வைத்தார்.

ஜெர்மனியில் அவருடைய 'எடுபட்டவன்' பட்டத்தை நினைவில் வைத்திருந்தவர் ஒருவர்தான்: இராயப்பு. மன்னார்க்காரர், கத்தோலிக்கர், வயதில் மூத்தவர், டுசல்டோர்ஃபில் ஒரே அறையில் இருந்தவர், ஒரே கிரேக்க உணவகத்தில் கோப்பை கழுவியவர். 'எடுபட்டவன்' என்பது எங்கள் பக்கத்தில் நாசமாய்ப் போனவன் என்ற வசவாகவும் வழங்கும். இராயப்பு அதை எந்தப் பொருளில் சொல்கிறார் என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

"டேய் எடுபட்டவனே, அந்தச் சட்டியை ஊறப் போடு."

"நான் கம்பசுக்கு எடுபட்டவன், அண்ணை."

"அதைத்தானே நானும் சொல்லுறன். சட்டியை ஊறப் போடு."

சட்டி ஊறியது, வருடங்களும் ஊறின. தொண்ணூறுகள் பிறந்த பிறகுதான் சோதிலிங்கம் அகதிதான் என்பதை அரச அலுவலகம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட கையோடு படிக்கவும் அனுமதி வந்தது. அவர் மாலை வகுப்புகளில் ஜெர்மன் படித்தார். பிறகு திட்டம் போட்டார். திட்டத்தில் குழப்பம் எதுவும் இருக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சையான ஏ.எல்.லில் சித்தியடைந்தது மட்டும் ஜெர்மன் பல்கலைக்கழகத்துக்கு நேரே போகப் போதாது. வெளிநாட்டவருக்கென்று ஆயத்தக் கல்லூரி ஒன்று இருந்தது, 'கொலெக்' என்பார்கள். அங்கே ஒரு வருடம் படித்து, கடைசிச் சோதனையில் தேறினால் பல்கலைக்கழகம். பேராதனையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். உண்மையில் அவர் பேராதனையில் எதையும் விடவில்லை, தொடங்கவேயில்லை. ஆனால் அப்படி நினைத்துக்கொள்வதில் ஒரு கௌரவம் இருந்தது.

விண்ணப்பத்தில் எந்த வகுப்பு என்று ஓர் எழுத்தைக் குறிக்க வேண்டும். எம் இருந்தது. டி.வி.யில் வருகிற டி இருந்தது. வேறும் இரண்டொன்று இருந்தன.

"ஆரையும் கேட்டனியே?" என்றார் இராயப்பு.

"இதுக்கு ஆரைக் கேக்கிறது? எம் எண்டால் மட்ஸ், கணக்கு. இங்கிலீசிலையும் எம், ஜெர்மனிலையும் எம். நான் ஏ.எல். செய்தது மட்ஸ்."

"அப்ப டி?"

சோதிலிங்கம் சிரித்தார். "டி எண்டால் டெக்னிக்கல்."

விளக்கம் தேவைப்படவில்லை. ஊரில் 'டெக்' என்றால் தொழில்நுட்பக் கல்லூரி. கம்பஸ் கிடைக்காதவர்கள் போகிற இடம். வெல்டிங், வயரிங், தாய்மாருக்குப் பெருமூச்சு. எடுபட்ட ஒருவர் டெக்குக்குப் போவாரா? எம் என்ற எழுத்தைச் சுற்றி அழகாக ஒரு வட்டம் போட்டார்.

தபாலில் சேர்க்க முன் விண்ணப்பத்தை, அதே நகரில் குடும்பத்தோடு இருந்த அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினார். கமலநாயகிக்குக் கடைக்குப் போய்வரும் அளவு ஜெர்மன்தான் தெரியும். வட்டத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். "வைச்சிட்டுப் போ தம்பி. சாமிப் படத்துக்கு முன்னாலை ஒரு நாள் இருக்கட்டும்" என்றார். அடுத்த நாள் மூலையில் ஒரு குங்குமப் பொட்டோடு தாள் திரும்பி வந்தது. சாமி ஒரு திருத்தமும் செய்திருக்கவில்லை.

நுழைவுச் சோதனையில் ஜெர்மனும் கணக்கும் வந்தன. கணக்கு வந்ததும் அவருக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போயிற்று. வகுப்புத் தொடங்கியபோது கணக்கோடு இரசாயனம் வந்தது, பௌதிகம் வந்தது, பிறகு உயிரியல் வந்தது. உயிரியலைக் கண்டு அவர் திகைக்கவில்லை, வியந்தார். ஜெர்மன்காரர் எதையும் அடியிலிருந்து தொடங்குபவர்கள். பாலம் கட்டப் போகிறவனுக்குக்கூடத் தவளையிலிருந்து சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று இராயப்புவுக்கு எடுத்துச் சொன்னார். இராயப்பு நம்பினார். அவருக்கும் ஜெர்மன்காரரைப் பற்றி அதே அபிப்பிராயம்தான்.

பக்கத்தில் பெஹ்ரூஸ் என்ற ஈரானியர் இருந்தார். மருத்துவராவதே அவருடைய கனவு. சோதிலிங்கத்துக்கு அந்த மனிதர்மேல் இரக்கம் வந்தது. தெரியாமல் வந்து தவறான வகுப்பில் இருக்கிறாரே! ஒரு நாள் மெல்லத் தொடங்கினார்.

"இது எம் வகுப்பு, தெரியும்தானே?"

"எம்தான்."

"நிச்சயமாக எம்?"

"நிச்சயமாக."

இருவரும் முழு மனதோடு உடன்பட்டார்கள். இவ்வளவு சொல்லியும் விளங்காதவருக்கு இனி என்ன செய்வது என்று சோதிலிங்கம் விட்டுவிட்டார்.

மாசி மாதத்தில் வகுப்பை ஓர் உடற்கூற்று மண்டபத்துக்கு அழைத்துப் போனார்கள். கண்ணாடிப் பெட்டிகளில் எலும்பும் ஈரலும் இருந்தன. உள்ளே துணி மூடிய மேசைகள். ஆசிரியை திரும்பி நின்று, "தேறினால் இன்னும் கொஞ்சக் காலத்தில் நீங்கள் எல்லோரும் இந்த மேசைகளில்தான் வேலை செய்யப் போகிறீர்கள்" என்றார். எல்லோரும் பெருமையோடு தலையசைத்தார்கள். சோதிலிங்கம் மட்டும் அந்த மேசைகளில் எந்தப் பாலத்தைக் கட்டுவது என்று யோசித்தார். யோசனை முடிந்தபோது அவருக்கு வியர்த்துவிட்டது. பெஹ்ரூஸ் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "முதல் தரம் எல்லாருக்கும் இப்படித்தான், டொக்டர்" என்றார்.

கல்லூரிக் காரியாலயத்தில் இருந்த பெண் அவருடைய கதையைச் சிரிக்காமல் கேட்டார். எம் என்பது மருத்துவம், உயிரியல், அவற்றைச் சேர்ந்தவை. டி என்பது தொழில்நுட்பம், எஞ்சினியரிங் அங்கேதான். எம் வகுப்பில் தேறியவர் எஞ்சினியரிங்குக்குப் போக முடியாது. ஆனால் இப்போதே விலகினால் மறுபடி நுழைவுச் சோதனை எழுதி வரும் குளிர்காலத் தவணையில் டி வகுப்பில் சேரலாம். கடைசிச் சோதனை எழுதிவிட்டால் அது முடியாது. எழுதிவிட்டவருக்கு அகதிகளுக்கான படிப்பு உதவியும் இன்னொரு தரம் கிடைக்காது, வயதும் முப்பதை நெருங்குகிறது. திங்கட்கிழமை வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

"ஒரு வருசம்தானே, போகட்டும்" என்றார் இராயப்பு. "திங்கள் போய் வை கையெழுத்தை. சோதிக்கு இது ஒரு சோதனை எண்டு நினை."

"அக்காவிட்டை முதல் சொல்லவேணும், அண்ணை."

அங்கேதான் பிழை நேர்ந்தது. சனிக்கிழமை அக்காவின் மகள் தேனுஜாவுக்கு ஐந்தாவது பிறந்தநாள். தேவாலயம் ஒன்றின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பலூன், கேக், வடை, பெரிய ஒலிபெருக்கி. எங்களவர் விழா என்றால் வீடியோ இல்லாமல் நடவாது. பிரதி எடுத்துக் கொழும்புக்கு ஒன்று, கனடாவுக்கு ஒன்று என்று போகும். அதில் ஏறியது எளிதில் இறங்காது. சோதிலிங்கம் அக்காவைத் தனியே பிடிக்கச் சமையற்பக்கம் போவதும், அங்கே பெண்கள் நிற்பதைக் கண்டு திரும்புவதுமாக இருந்தார். கேக் வெட்டும் நேரம் ஒலிபெருக்கியில் கமலநாயகியின் குரல் கேட்டது.

"தேனுஜாக்குட்டிக்கு இப்ப கேக்கை வாயிலை தீத்த வாறது ஆர் தெரியுமோ? எங்கடை குடும்பத்தின்ரை முதல் டொக்டர், வருங்கால டொக்டர், சோதிலிங்கம் மாமா!"

கைதட்டல் விழுந்தது. வீடியோக்காரர் விளக்கை இவர் முகத்துக்கு நேரே திருப்பினார். வெளிச்சத்தில் கண் கூசிக் கையை உயர்த்தியதை எல்லோரும் வணக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை அவர் காரியாலயத்துக்குப் போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. கனடாவில் தன்னை எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணியபடி இரசாயனம் படித்தார்.

பிறகு நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். கோயிலில் சட்டையை உயர்த்திச் சொறி காட்டினார்கள். திருமண வீட்டில் பந்திக்கு நடுவில் நாக்கை நீட்டினார்கள். தான் இன்னும் படிக்கவே தொடங்கவில்லை என்று அவர் சொன்னால் தன்னடக்கம் என்று மெச்சினார்கள். கடைசியில் ஒரு மருந்தைக் கண்டுபிடித்தார். "தண்ணி நிறையக் குடியுங்கோ. குறையாட்டி டொக்டரிட்டைப் போங்கோ." தலையிடிக்கும் அதுதான், மூட்டுக்கும் அதுதான். பலருக்குக் குறைந்தது என்பதுதான் பரிதாபம். பேர் பரவிவிட்டது.

சோதனையில் தேறினார், நடுத்தரமாக. மருத்துவத்தில் வெளிநாட்டவருக்கு ஒதுக்கிய சில இடங்களுக்கு நடுத்தரம் போதாது. கேட்ட பல்கலைக்கழகங்கள் எல்லாம் மரியாதையாக மறுத்தன. பெஹ்ரூசுக்கு இடம் கிடைத்தது. அந்த மனிதர் சோதிலிங்கத்தைக் கட்டிப்பிடித்து அழுதார். காரியாலயப் பெண், எம் வகுப்புக்கு வேறு கதவுகளும் உண்டு என்றார். நெருக்கடி இல்லாத படிப்பு ஒன்று இருக்கிறது, தெற்கே ஒரு மலைநகரில். வனவியல்.

"என்ன இயல்?" என்றார் இராயப்பு.

"காடு, அண்ணை. காட்டைப் பற்றிப் படிக்கிறது."

"வீடு போ போ எண்ணுது, காடு வா வா எண்ணுது எண்டு கிழடுகளுக்குத்தான் சொல்லுறவை. உனக்கு இந்த வயதிலையே கடிதம் போட்டுக் கூப்பிடுது!"

சிரித்துவிட்டு இராயப்பு நிறுத்திக்கொண்டார். சோதிலிங்கம் சிரிக்கவில்லை.

அக்காவிடம் போனார். இந்தத் தடவை சமையலறையில் வேறு யாரும் இருக்கவில்லை.

"அக்கா, நான் ஒரு பிழை விட்டிட்டன். எம் எண்டால் மட்ஸ் எண்டு நினைச்சுத்தான் வட்டம் போட்டனான். நான் டொக்டருக்கு எண்டு போகேல்லை."

கமலநாயகி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ மட்ஸ் எண்டு நினைச்சது தெரியும். அண்டைக்கு நீ போன பிறகு தேனுஜாவின்ரை கிண்டர்கார்டன் ரீச்சரிட்டைக் காட்டினனான். 'மெடிசின்! தம்பி கெட்டிக்காரன்' எண்டு சொன்னா. அந்தளவு ஜெர்மன் எனக்கு விளங்கும்."

"விளங்கியும் எனக்குச் சொல்லேல்லையோ?"

"சொன்னால் அழிச்சுப்போட்டு டி எண்டு போட்டிருப்பாய்."

"நான் எஞ்சினியருக்கு எடுபட்டனான், அக்கா!"

"அது ஊரிலை." கத்தி நின்றது. "தேனுஜாவுக்கு முந்தி ஒண்டைப் பறிகுடுத்தனான். ஆசுப்பத்திரியிலை எத்தினை பேர் வந்து எத்தினை சொன்னவை! ஒரு சொல்லு எனக்கு விளங்கேல்லை. பிள்ளை ஏன் செத்தது எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. பாலம் கட்டுறவன் வந்து அதைச் சொல்லித் தருவானோ?"

சோதிலிங்கத்தின் கோபம் நிற்க இடம் தேடியது. "அப்ப நீங்களே படிச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். சொல்லியிருக்கக் கூடாத சொல்தான். ஆனால் அதில் பிழை இல்லை: அந்தக் குடும்பத்தில் விண்ணப்பத்தைச் சரியாக வாசித்தவர் அக்கா ஒருவர்தான்.

காட்டுக்குப் போனார். வேறு போக இடம் இருக்கவில்லை. டொக்டர் என்றும் எஞ்சினியர் என்றும் யாரும் கூப்பிடாத ஊர் என்பது ஒரு காரணம். பல்கலைக்கழகம் பல்கலைக்கழகம்தான் என்பது இன்னொரு காரணம். எடுபட்டவர் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்காவோடு பேச்சு நின்றது. டுசல்டோர்ஃபில் மட்டும் அவருடைய படிப்பு தடையின்றி நடந்தது. "தம்பி டொக்டருக்குத்தான் படிக்கிறான்" என்று கமலநாயகி சொல்லிக்கொண்டிருந்தார். காடு என்று யாரோ கேள்விப்பட்டு வந்து விசாரித்தபோதும் அசையவில்லை. "ஓம், மரங்களுக்கு டொக்டர். இஞ்சை அதுதான் பெரிசு."

இரண்டாம் வருடம், கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய கிழமை, இராயப்பு ரயிலேறிப் பார்க்கப் போனார். கையில் கமலநாயகி கொடுத்துவிட்ட மிளகாய்த்தூள் பொட்டலம் இருந்தது. சோதிலிங்கம் அவரை மலைச்சரிவுக்குக் கூட்டிப் போனார். ஊசியிலை மரங்கள் வரிசையாக நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் நத்தார் அட்டை மாதிரி இருந்தது. கிட்டப் போனால் உச்சிகள் மொட்டையாகி, ஊசிகள் மஞ்சளாய் உதிர்ந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் பச்சை எவ்வளவு மிச்சம் என்று பார்த்து எழுதுவது சோதிலிங்கத்தின் வேலை.

"அக்கா என்ன சொல்லுறா?"

"மிளகாய்த்தூளிலை உப்பு இல்லையாம். பாத்துப் போடட்டாம்."

சோதிலிங்கம் பொட்டலத்தை வாங்கி மேலங்கிப் பைக்குள் வைத்தார்.

"இதுகள் தப்புமோ?" என்று இராயப்பு மரங்களைக் காட்டிக் கேட்டார்.

"இந்த வரிசை தப்பாது."

"நீ டொக்டர்தானே. தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லன்."

சோதிலிங்கம் ஒரு கொப்பை வளைத்துப் பிடித்தார். பிடித்த இடத்திலிருந்து ஊசிகள் கொட்டின.

"தண்ணியாலைதான் அண்ணை இதுகளுக்கு வந்த வருத்தமே. மழையிலை அமிலம்."

இராயப்பு அண்ணாந்து பார்த்தார். தூறத் தொடங்கியிருந்தது. குடையை விரித்துத் தங்கள் இருவருக்கும் மேலே பிடித்தார். பிறகு எதையோ நினைத்தவர் போலக் குடையை மரத்தின் பக்கம் கொஞ்சம் சரித்தார். சோதிலிங்கத்தின் தோள் நனைந்தது. அவர் நகரவில்லை, அடுத்த மரத்தின் இலக்கத்தை எழுதிக்கொண்டிருந்தார்.