மூடி திறந்திருந்த ஒன்பது நாட்கள்

எனக்குப் பதினைந்து வயதானபோது அம்மா வலது கையில் மூன்று விரல்களை இழந்தார். அப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், சலிக்கும் இயந்திரத்தில் அடைத்திருந்த தூளைத் தட்டிவிடக் கையை உள்ளே விட்டிருக்கிறார். மூடியைத் திறந்தால் இயந்திரம் தானாக நிற்க வேண்டும். அதற்கென்றே மூடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஸ்டோருக்குப் பொறுப்பான ஐயா, வேலை தடைப்படுகிறது என்று மூடி திறந்தாலும் ஓடும்படி அதன் இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்கி வைத்திருந்தார். விசாரணைக்கு ஆள் வருவதற்குள் முறுக்கைப் பிரித்தும் விட்டார். அதைப் பார்த்த அம்மாவின் தோழி வாய் திறக்கப் பயந்தார். ‘தொழிலாளியின் கவனயீனம்’ என்று எழுதி முடித்தார்கள்.

நாங்கள் தோட்டத்து லயத்தில் இருந்த எங்கள் வரிசை வீட்டை விட்டு வெலிமடையில் மாமா வீட்டுக்குப் போய்விட்டோம். அம்மா இடக்கையால் சாப்பிடப் பழகினார். நான் பதுளையில் மின்வேலை படித்தேன். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டவர்களிடம் நல்ல வேலை கிடைக்கும் என்றேன். உண்மையான காரணம் அந்த ஆள்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன், நான் வேலை செய்யும் கம்பனி என்னை அதே ஸ்டோருக்கு அனுப்பியது. இயந்திரங்கள் எல்லாவற்றையும் ஒரே கட்டுப்பாட்டுப் பெட்டியில் இணைக்க வேண்டும். அந்தப் பெட்டிக்கு இரண்டு விதமாகச் செய்தி வரும். மூடியில் இருக்கும் சுவிட்சுக்குத் தெரிந்தது ஆம், இல்லை என்ற இரண்டு சொல்தான். தேயிலை உலர்த்தும் அடுப்பின் சூட்டையும் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தையும் அளக்கும் கருவிகள் ஏற்ற இறக்கத்தை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெட்டி மோட்டாரை ஓட்டும், நிறுத்தும்.

ஐயா தலை நரைத்து அங்கேயே இருந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

“தங்கச்சி எந்தப் பக்கம்?”

“வெலிமடைங்க ஐயா.”

வேலை முடியும் நாளில் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “இந்தப் பொம்பளைங்க மூடியத் தொறந்து தொறந்து மெஷின் நின்னுக்கிட்டே இருக்கு. அந்த ரெண்டு கம்பியையும் சேத்து விட்டுட்டுப் போங்களேன்.”

“நான் செய்யக் கூடாதுங்க ஐயா. பெட்டிச் சாவி உங்ககிட்டதானே இருக்கு.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில், மூடியின் கீலுக்கு அடியில் காந்தத்தால் இயங்கும் இன்னொரு சின்னச் சுவிட்சைப் பொருத்தினேன். மூடி திறந்தால் மோட்டாரை நிறுத்து என்று அதை அமைத்திருக்கலாம். நிறுத்தாதே, எழுதி மட்டும் வை என்று அமைத்தேன்.

பத்தாம் நாள் திரும்பிப் போய்ப் பதிவை எடுத்தேன். பெட்டி எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதி வைத்திருந்தது. ஐயா கம்பியைச் சேர்த்துவிட்ட சுவிட்ச் ஒன்பது நாளும் ‘மூடியிருக்கிறது’ என்றே சொல்லியிருந்தது. துப்புரவுக்காக மூடியையே கழற்றி வைத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே பதில். என் சுவிட்ச் ஒவ்வொரு திறப்பையும் சொல்லியிருந்தது. அந்த நேரங்களில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததற்கு, அது இழுத்த மின்சாரத்தின் அளவைக் காட்டும் கோடு சாட்சி.

தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய தொரையின் மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தேன்.

“நான் தொடவே இல்லீங்க தொரை,” என்றார் ஐயா.

“சாவி யார்கிட்ட இருந்திச்சு?” என்று தொரை கேட்டார்.

ஐயா என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அவருடைய நெற்றி வியர்த்ததை ரசித்துப் பார்த்தேன். அந்த வாரமே அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “நல்லா வேணும்,” என்றார். இரண்டாவது தடவை இன்னும் அழுத்திச் சொன்னார்.

ஆனால் சலிக்கும் இயந்திரத்தில் வேலை செய்யும் அக்கா என்னை வாசலில் மறித்தார். கதை அவர் காதுக்கும் போயிருந்தது. “அந்த ஒம்பது நாளும் உள்ள போனது எங்கையிதானே? நிப்பாட்ட முடிஞ்சும் நீ எழுதிக்கிட்டா இருந்த?”

“இப்ப நிக்கும்கா. மாத்திட்டேன்,” என்றேன். அவர் நகர்ந்து போய்விட்டார். அவர் கேட்டது நியாயம். ஆனாலும் என் சந்தோஷம் குறையவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஐயா சாமான்களை லொறியில் ஏற்றிய காலையில் வேண்டுமென்றே போய் எதிரில் நின்றேன். “எங்கம்மாவுக்கு மூணு வெரல் போச்சு, இந்த ஸ்டோர்ல. நீங்கதான் கம்பிய முறுக்கி வச்சீங்க.”

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனையோ வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர் முகம் உடையும் என்று எதிர்பார்த்தேன். அவர் புருவத்தைச் சுருக்கி யோசித்தார்.

“எந்தப் பொம்பள? மேல்லயத்து ஆளா, கீழ்லயத்து ஆளா?”

நாங்கள் கீழ்லயம். மேல்லயத்தில் இன்னொருத்திக்கும் இப்படி நடந்தது எனக்கு அதுவரை தெரியாது.

திரும்பி நடந்தேன். லொறி கிளம்பும் முன்பே மறுபடியும் தொரையின் ஆபீஸ் படியேறி, பழைய விபத்துப் புத்தகங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன்.