லோரி வாசலில் நிற்க, பசுவின் துடிப்பைக் கேட்ட காலை

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், காஜா பேராங்கில் எங்கள் கொட்டகையில் பசு கன்று போட்டது. மறுநாள் காலை பசு எழவில்லை. கழுத்தை மடித்து விலாவில் சாய்த்துக் கிடந்தது. காதைத் தொட்டால் ஜில்லென்றிருந்தது. அப்பா எனக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்த பசு அது. ஜாலான் பெண்டஹாரா தெருக் கடைகளுக்கு அதன் பாலை ஊற்றித்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

நான் மாட்டாஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினேன். என் வீட்டுக்காரரோ இறைச்சி வியாபாரியைக் கூப்பிடப் போய்விட்டார். உயிர் இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும், செத்தால் குழி வெட்டுகிற வேலைதான் மிச்சம் என்பது அவர் எண்ணம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நல்லவேளை, மாட்டாஸ்பத்திரியில் மருந்து போடும் டிரெசர் முதலில் வந்தார். பசுவின் இடது முன்னங்காலுக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

"துடிப்பு ரொம்ப மெலிசா இருக்கும்மா. ஒடம்புல இருந்த சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலுக்குப் போயிருச்சு. ரத்தத்துல ஏத்தணும். வேகமா ஏறினா நெஞ்சு நின்னுரும். ஏத்தட்டுமா?"

"ஏத்துங்கய்யா."

கழுத்து நரம்பில் ஊசியைக் குத்தி ஒரு கையால் பிடித்துக்கொண்டார். மறு கை ஸ்டெதாஸ்கோப்போடு பசுவின் நெஞ்சில். ஊசியோடு குழாயில் இணைந்த மருந்து போத்தல் என்னிடம். "துடிப்பைக் கேட்டுக்கிட்டே சொல்றேன். தூக்குன்னா தூக்கு, எறக்குன்னா எறக்கு."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தபடி நின்றேன். திடீரென்று புருவம் சுருங்கியது.

"எறக்கு! விட்டு விட்டு அடிக்குது!"

போத்தலை முழங்காலுக்கு இறக்கினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். என் நெஞ்சே நின்றுவிடும் போலிருந்தது. அப்புறம், "சரியா வருது. மெல்லத் தூக்கு" என்றார்.

அப்போதுதான் வாசலில் லோரி வந்து நின்றது. வீட்டுக்காரர் வியாபாரியோடு உள்ளே வந்தார். "போதும், கழட்டுங்க."

"எங்கப்பா குடுத்த மாட்ட வெட்டுக்குக் குடுக்க ஒங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?" என்று கத்திவிட்டேன். அயலார் முன்னால் அவரை அப்படி நான் பேசியதே இல்லை. அவர் முகம் கறுத்தது.

"சண்டைய அப்புறம் போடுங்கலா," என்றார் டிரெசர், தலையைத் திருப்பாமலே. "போத்தல ஆட்டாதம்மா. அண்ணே, என் காதுல இருக்கறத எடுத்து மாட்டிக் கேளுங்க."

வீட்டுக்காரர் வேண்டாவெறுப்பாகக் குந்தினார். கேட்டார். எழுந்துவிடுவார் என்று பார்த்தேன், எழவில்லை. பசுவின் தோள் சதை துடித்தது. பெரிதாக ஏப்பம் விட்டது.

"பலமாயிட்டே வருதே!" என்றார் வீட்டுக்காரர்.

"என்னண்ணே, லோரியில ஏத்தலாமா?" வியாபாரி அவசரப்படுத்தினார்.

"உயிரு இருக்குண்ணே."

"உயிரு இருக்கப்போய்த்தானே வந்தேன்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. என்ன செய்யலாம்?"

"லோரிய அனுப்பிருங்க."

அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். "கை கடுக்கும், குடு" என்று போத்தலை வாங்கிக்கொண்டார். மருந்து தீர்ந்து கொஞ்ச நேரத்தில் பசு பின்னங்காலை ஊன்றி எழுந்தது. நான் வீட்டுக்காரர் கண்ணெதிரிலேயே உட்கார்ந்து அழுதேன்.