அவள் வரையாத எழுத்து

மாத்தளை நகரில் நான் வேலை செய்யும் அச்சகத்தில் அவள் எனக்குப் பக்கத்துக் கணினியில் இருந்தாள். இரத்தோட்டைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். கல்யாண அட்டை, கடைப் பெயர்ப்பலகை என்று வேலைகள் முடிந்ததும் தமிழுக்கு ஓர் எழுத்துரு வரைவாள். பழைய வீடியோ விளையாட்டுகளில் வருவதுபோல, சின்னச் சதுரக் கட்டங்களை அடுக்கியே செய்த எழுத்து. கடைவாசல் மின்பலகைகளில் சிங்களமும் ஆங்கிலமும் தெளிவாக ஓட, தமிழ் மட்டும் சிதைந்து ஓடுவது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சுழிக்குள்ள ஒரு கட்டமாவது காலியா விடணுங்க. இல்லாட்டி எழுத்து மூச்சு முட்டிப் போயிரும்" என்பாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று நான் வாசித்துவிட்டால்தான் அந்த எழுத்து தேறியதாக அர்த்தம். மின்பலகைக்கு வேண்டிய சொற்களையே முதலில் எடுத்துக்கொண்டாள்: 'திறந்துள்ளது', 'நன்றி', 'கழிவு விலை'.

கார்த்திகை மழையில் லயத்துக்கு மேலிருந்த மலை சரிந்தது. மற்றவர்கள் தப்பித் தோட்டத்துப் பாடசாலைக்குப் போய்விட்டார்கள். நடக்க முடியாத அம்மாவைத் தூக்கிவர அவள் திரும்பிப் போயிருக்கிறாள். இருவரையும் மண்ணைத் தோண்டித்தான் எடுத்தார்கள்.

மரண அறிவித்தல் பேனர் அடிக்க அவளுடைய அண்ணன் வந்தார். காலெல்லாம் சேறு.

"தங்கச்சி ஏதோ எழுத்து செஞ்சிக்கிட்டு இருந்திச்சே. அதுலயே போட ஏலுமாங்க?"

போட்டேன். பெயர்கள் சரியாக விழுந்தன. 'பூதவுடல்' என்று அடித்தபோது முதல் எழுத்தின் இடத்தில் ஒரு வெறும் பெட்டி விழுந்தது. அவள் இன்னும் 'பூ' வரைந்திருக்கவில்லை. கடைக்காரருக்கு அந்தச் சொல் எதற்கு?

"ஒரு எழுத்து இல்லைங்க" என்றேன்.

"நீங்களே போட்டிருங்க."

அவளுடைய 'பு'வைத் திறந்து, ஒவ்வொரு கட்டமாக வைத்து அதை 'பூ' ஆக்கினேன். அவர் என் பின்னாலேயே நின்றார்.

பாடசாலை மண்டபத்தில் இரண்டு பெட்டிகளும் மூடியபடியே இருந்தன. வாசலில் பேனரைப் பார்த்த ஒரு பெரியவர், "என்னாங்க, எழுத்தெல்லாம் ஒடைஞ்சி கெடக்கு? பிரிண்டு சரியில்லையா?" என்று என்னிடம் கேட்டார்.

அண்ணன்தான் சொன்னார்: "அது எங்க தங்கச்சி எழுத்துங்க. அப்படித்தான் இருக்கும்."

அந்தக் கிழமை முழுவதும் மரணப் பேனர்களே வந்தன. எல்லாவற்றையும் வழக்கமான எழுத்தில்தான் அடித்தோம். யாரும் வேறு கேட்கவில்லை.

பிறகொரு நாள் அண்ணன் அந்த எழுத்துகள் முழுவதையும் பார்க்க வேண்டுமென்று வந்தார். ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தேன். நடுநடுவே இருந்த வெற்றிடங்களை விரலால் தொட்டார்.

"இது?"

"அதெல்லாம் அவங்க இன்னும் செய்யலங்க."

நனையாதபடி தாளைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு போனார். இப்போது மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் சொந்தக்காரர் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. மிச்ச எழுத்துகளைச் செய்யலாமென்று நானும் சில தடவை உட்கார்ந்து பார்த்தேன். கட்டங்கள் சரியாகத்தான் விழுகின்றன. அவள் கைவாகு வரவில்லை. விட்டுவிட்டேன்.