புரிந்ததா என்று அப்பா கேட்ட மதியம்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதச் சொன்னார்கள். நல்லதைத்தான் எழுதுகிறேன். ஆனால் நாலு வரியில் அடங்காது.

மூலனூருக்குப் பக்கத்தில், மழையை நம்பி மானாவாரிக் காடு உழுத விவசாயி வீட்டில் பிறந்தவர் அப்பா. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. திருப்பூர் வந்து ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது தையல்காரருக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் ஆளாகச் சேர்ந்தார். பிறகு டெய்லர், பிறகு செக்கிங், கடைசியில் முதலிபாளையத்தில் ஒரு தையல் மெஷின் வரிசையையே கவனிக்கும் லைன் சூப்பர்வைசர். லைனின் முகப்பில் ஒரு போர்டு இருக்கும். மணிக்கு எத்தனை பீஸ் தைத்து இறங்கியது என்று அதில் எழுதுவார்கள். அதைப் பார்த்துத்தான் அப்பாவின் அன்றைய முகம் அமையும். ஆனாலும் யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. பிந்துகிறவர்களிடமும், "ஏனுங்க, கொஞ்சம் சேத்திக் குடுங்க" என்றுதான் கேட்பார்.

கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது, வீடியோ பாடங்கள் நிரம்பிய ஒரு டேப்லெட், எங்கள் வாயில் டேப், வாங்கி வந்தார். தமக்குக் கிடைக்காத படிப்பெல்லாம் எங்களுக்குக் கிடைத்துவிட வேண்டும் என்ற ஆசை. பார்த்து முடித்த பாடம் பச்சையாக மாறும். வாரம் முடிந்தால் அப்பாவின் போனுக்கு விவரம் வந்துவிடும். அவருக்கு அது இன்னொரு லைன் போர்டு. "இந்த வாரம் கணக்கு டல்லா இருக்குதே கண்ணு" என்பார்.

அம்மா நேர் எதிர். வகுப்பில் முதலாவதாக வந்தும் பத்தாவதோடு நிறுத்தப்பட்டவர். வாத்தியார் முகத்தைப் பார்த்து, பேனா பிடித்து எழுதாதது படிப்பே இல்லை என்பது அவர் கட்சி. அப்பா வேலைக்குக் கிளம்பியதும் டேப் பீரோவுக்குள் போகும், சாவி அம்மாவின் இடுப்புக்குப் போகும். அப்பா வந்ததும் டேப் வெளியே வரும். இருவருமே தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவர்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அந்த மத்தளம் நான்.

எனக்குக் கணக்குப் பாடம் புரியவில்லை. இதை யாரிடம் சொல்வது? ஒருமுறை அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "தப்பாத் தைச்ச ஆல்ட்டர் பீஸ் வந்தா மறுக்கா தைக்கறதில்லையா? அதாட்ட மறுக்கா ஓட்டிப் பாரு கண்ணு" என்றார். அம்மாவிடம் சொன்னால் டேப் பரணுக்குப் போய்விடும். எனக்குப் பிடித்த அறிவியலும் கூடவே போய்விடும், இருவர் சண்டையில் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. வாயை மூடிக்கொண்டேன். புரியாமலே ஓட்டி முடித்தேன், எல்லாப் பாடமும் பச்சையானது. பதினொன்றாம் வகுப்பில் கணக்கு இல்லாத பிரிவை எடுத்தேன். ஜவுளி இன்ஜினியரிங் படிக்கும் ஆசை அங்கேயே முடிந்தது.

இதயம் பலவீனமாகி அப்பா நல்லூர் வீட்டில் படுத்திருந்த மாதங்களில், தங்கை பள்ளிக்குப் போன நேரம் பார்த்து அவளுடைய பாடங்களைத் தாமே ஓட்டிப் பார்க்கத் தொடங்கினார். அம்மா கடைக்குப் போயிருந்த ஒரு மதியம் என்னை அழைத்தார்.

"மூணு நாளா இந்தக் கணக்கையே பார்க்கறேன் கண்ணு. ஒண்ணும் ஏறல. உனக்கு இதெல்லாம் புரிஞ்சுதா?"

அதுவரை 'பார்த்தாயா' என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார்.

"இல்லீங்கப்பா."

"அதனாலதான் கணக்கு குரூப் எடுக்கலியா?"

"ஆமாங்கப்பா."

டேப்பை அணைத்துக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "பீஸை எண்ணிட்டே இருந்துட்டேன் சாமி. தையல் சரியான்னு பிரிச்சுப் பார்க்காம போயிட்டேன்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னவளுக்குப் பச்சை வந்துச்சான்னு பார்க்க வேண்டாம். புரிஞ்சுதான்னு கேக்கோணும். புரியலைன்னா நிறுத்திப்போட்டு, ஆளு வெச்சுச் சொல்லித் தரோணும். உங்கம்மாகிட்ட நானே சொல்றேன்" என்றார்.

சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அந்த வாரமே மருத்துவமனைக்குப் போனவர், திரும்பவில்லை.

இன்று அந்த டேப்பைத் தினமும் சார்ஜ் போட்டு வைப்பவர் அம்மா. எட்டாவது படிக்கும் தங்கையை மாலையானால் அதன் முன் உட்கார வைத்து, "உங்கப்பா ஆசைப்பட்டது, ஒண்ணு விடாம முடிக்கோணும்" என்கிறார். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்க்கிறாள். அப்பா சொன்னதை நான் சொன்னேன். "போனவரு வந்து இல்லைன்னு சொல்ல மாட்டாருன்னு உன்ற இஷ்டத்துக்குப் பேசாத" என்றார் அம்மா. அப்பா இருந்தபோது அவரோடு சண்டையாவது போடுவார். இப்போது யாரோடு போடுவது? அப்பாவின் அந்தப் பழைய ஆசையில் அம்மாவும் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

அப்பாவின் கடைசி நாட்களில் மாறி மாறித் துணையிருந்த சித்தப்பா குடும்பத்தாருக்கும், சோறு கொடுத்துவிட்ட பக்கத்து வீட்டாருக்கும், வடக்கிலிருந்து வந்து, தமிழ் தெரியாவிட்டாலும் மருத்துவமனை வாசலிலேயே காத்துக் கிடந்த லைன் தொழிலாளர்களுக்கும் எங்கள் நன்றி. எங்களை இன்றுவரை தாங்கி நிற்கும் அம்மாவுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"சொந்தக்காரங்க அத்தனை பேரும் படிப்பாங்க. அச்சுல ஏறிட்டா அப்பறம் மாத்த முடியாது கண்ணு."

"அதுக்குத்தானுங்கம்மா. அப்பா சொன்னது மாறக் கூடாதில்லீங்களா" என்றேன்.