தலைவர் விட்ட உப்பு

எங்கள் அப்பா இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் அடங்குவார். ஒருவர், பொன்மலை ரயில்வே பட்டறையில் அவருடைய ஃபோர்மேன். இன்னொருவர் ஒரு சினிமா நடிகர். அந்த நடிகரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. எங்கள் வீட்டிலும் யாரும் சொன்னதில்லை. தலைவர் என்றால் அவர்தான். திருவானைக்காவல் ரசிகர் மன்றத்துக்கு அப்பா செயலாளர். அம்மாவுக்கோ அந்த நடிகரைக் கண்டாலே ஆகாது. டிவியில் அவர் வந்து நின்றால் போதும், அம்மாவுக்கு அடுப்படியில் திடீரென்று வேலை முளைத்துவிடும். "முடியைக் கோதுறதைத் தவிர அந்தாளுக்கு வேற என்ன தெரியும்?" என்று அங்கிருந்தே குரல் வரும்.

நான் நாலாம் வகுப்பு படித்தபோது, பட்டறையில் வேலை நேரத்தில் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. சில நாட்கள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். என்னிடம் வாயுப் பிடிப்பு என்று சொன்னார்கள், நானும் நம்பினேன். உண்மையில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்: கறியை விட வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வலிக்குத் தன்னால் பொறுப்பேற்க முடியாது. அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்தார். வந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குக் கிளம்பிவிட்டார். அம்மா வாசலில் மறித்தாள், அழுதாள், என் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். எதற்கும் அவர் மசியவில்லை. கறி மேல் இருந்த ஆசை பாதிதான். நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டும் ஆட்களுக்கு நடுவில் 'நெஞ்சு வலிக்காரன்' என்று பேர் வாங்க அவருக்கு மனமில்லை. பத்தியச் சாப்பாட்டைக் கேண்டீனில் பிரித்தால் மானம் போய்விடும் என்று நினைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் தலைவர் ஒரு பேட்டி கொடுத்தார். இனிமேல் கறி, மீன், முட்டை எதையும் தொடப்போவதில்லையாம். பால், தயிர், நெய்கூடக் கிடையாதாம். செடி கொடியிலிருந்து வருவது மட்டும்தான் சாப்பாடாம். அதற்கு வீகன் என்று பேராம். இந்தச் செய்தியை அப்பாவிடம் கொண்டுவந்து சேர்த்தது மன்றத்து ஆட்கள் இல்லை. அம்மா! கறிக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரின் மூக்குக்கு நேரே மொபைலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, உங்க தலைவர் என்ன சொல்றாருன்னு கேளுங்க. நல்லாக் கேளுங்க."

அப்பா கையில் பையோடு நின்றபடியே கடைசிவரை கேட்டார். பிறகு பையைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினார். "தலைவர் விட்டாச்சுன்னா நானும் விட்டாச்சு" என்றார். அவ்வளவுதான். டாக்டர் சொல்லி, அம்மா அழுது நடக்காத காரியம் அந்த ஒரு பேட்டியில் நடந்துவிட்டது. பட்டறையிலும் யாரும் கேலி செய்யவில்லை. தலைவருக்காகக் கறியை விட்டவன் என்று தோளில் தட்டினார்களாம். அப்பா கேண்டீனில் கடுங்காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ராஜாவைப் போல உட்கார்ந்திருப்பாராம்.

ருசி கண்ட பூனை உறியை உறியைத் தாவுமாம். அம்மாவும் அதோடு விடவில்லை. மறுவாரமே, "தலைவர் உப்பையும் பாதியாக் குறைச்சுட்டாராம்" என்றாள். அதற்கடுத்து, தலைவர் அப்பளம் ஊறுகாய் பக்கமே போவதில்லை என்று தெரியவந்தது. பிறகு தலைவர் விடியற்காலையில் நடக்க ஆரம்பித்தார். மழை பெய்தாலும் குடை பிடித்துக்கொண்டு நடந்தார்.

"இதெல்லாம் எதுல சொன்னார்?" என்று அப்பா ஒருமுறை கேட்டார்.

"வேற சேனல்ல" என்றாள் அம்மா, ரசத்தைக் கலக்கிக்கொண்டே.

அப்பா அந்தச் சப்பென்ற ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டார். காலையில் எழுந்து அம்மா மண்டபம் படித்துறை வரை நடந்து, காவிரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தார்.

அந்த வருடம் தலைவர் பிறந்தநாளுக்குக் கடைத்தெருவில் கட்டவுட் வைத்தார்கள். சித்தப்பா வழக்கம்போலப் பால் கேன்களோடு வந்து இறங்கினார். "பாலையே தொடாத மனுஷன் தலையில பாலை ஊத்துவியாடா?" என்று அப்பா ஒரு அதட்டல் போட்டார். மன்றமே திகைத்து நின்றது. பாலாபிஷேகம் இல்லாமல் என்ன பிறந்தநாள்? கடைசியில் தேங்காய்ப்பால் என்று முடிவாயிற்று. தெருப் பெண்களோடு அம்மாவும் உட்கார்ந்து, தனக்குப் பிடிக்காத நடிகனுக்காகக் கை வலிக்கத் தேங்காய் துருவினாள். மறுநாள் பார்த்தால், தலைவரின் மூக்கு வரைக்கும் எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. அந்தப் பேட்டியை நான் எத்தனையோ முறை பார்த்திருந்தேன். அதில் உப்பும் இல்லை, நடையும் இல்லை. வேறு பேட்டியும் எங்கும் கிடைக்கவில்லை. அம்மாவிடம் கேட்டதற்குத் தொடையில் ஒரு கிள்ளு கிடைத்தது. "அப்பாகிட்ட வாயைத் திறந்தே, தொலைச்சுப்புடுவேன்." அம்மா பொய் சொல்கிறாள் என்பது எனக்கு அப்போது பெரிய அதிர்ச்சி. பொய் சொல்லாதே என்று என்னை அடிப்பவளே அவள்தான்.

சில மாதங்கள் கழித்துத் தலைவரே வந்துவிட்டார். ஸ்ரீரங்கத்தில் சாமி கும்பிட வந்தவர், மன்றத்து ஆட்களைக் குடும்பத்தோடு சந்திப்பதாகச் சொல்லியனுப்பினார். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் வரிசையில் நின்றோம். அப்பா புதுச் சட்டையில் பளபளவென்று இருந்தார். அம்மா மட்டும் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் முறை வந்தது. அப்பா முன்னால் போய்த் தலைவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நானும் அம்மாவும் அவருக்குப் பின்னால் நின்றோம். "தலைவரே, உங்களை மாதிரியே கறியை விட்டேன், உப்பைக் குறைச்சேன், தினம் நடக்கறேன். நீங்க சொன்னதுதானே தலைவரே எல்லாம்?" என்றார் அப்பா.

தலைவர் ஒரு கணம் விழித்தார். அவர் பார்வை அப்பாவைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது. அம்மா தன் நெஞ்சைத் தொட்டு, அப்பாவைச் சுட்டிக்காட்டி, சாமியைக் கும்பிடுவதுபோலத் தலைக்குமேல் கைகூப்பினாள்.

தலைவர் சிரித்தார். "ஆமாண்ணே, நான் சொன்னதுதான். உப்பு பக்கமே போகாதீங்க. நடையையும் விட்டுடாதீங்க" என்றார். அவர் படங்களில் நடித்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு நடித்தார். அதற்குப் பிறகு டிவியில் அவர் வந்தால் அம்மா அடுப்படிக்குப் போவதில்லை.

அப்பா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். இன்னமும் காலையில் காவிரிக்கரைக்கு நடக்கிறார். போன தடவை ஊருக்குப் போனபோது நானும் கூட நடந்தேன். இனிமேல் சொன்னால் என்ன என்று, உப்புக் கதை அம்மா கட்டியது என்பதைப் போட்டு உடைத்தேன்.

அப்பா நடையை நிறுத்தவில்லை. "அந்தப் பேட்டியை நானும் முழுசாத்தானே பாத்தேன் பாப்பா" என்றார்.

"அப்புறம் ஏன் அவர்கிட்டப் போய்க் கேட்டீங்க?"

"உங்கம்மா தினமும் பயந்து பயந்தே சோறு போடுவா, என்னைக்கு மாட்டிக்குவோமோன்னு. அவர் வாயால ஒரு தடவை வந்துட்டா அவளுக்கு நிம்மதி. அதான் கேக்கும்போதே அவரைப் பாத்துக் கண்ணடிச்சேன்."

அன்று அம்மா கைகூப்பியதைப் பார்த்தேன். தலைவர் சிரித்ததைப் பார்த்தேன். எல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது என்ற நினைப்பில், அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.