கடைவாய்ப் பல்லைக் காட்டச் சொன்ன வெள்ளிக்கிழமைகள்

என் கணவர் வளைகுடாவுக்குப் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முப்பது நாள் லீவில் வருவார். கல்யாணம், காதுகுத்து, துக்கம் விசாரிப்பது, குலதெய்வம் கோயில் எல்லாவற்றையும் அந்த முப்பது நாளுக்குள் முடித்தாக வேண்டும். போன தடவை பல்லும் அதில் சேர்ந்துகொண்டது.

வந்த பத்தாம் நாள் பிரியாணியில் எலும்பைக் கடித்தார். வலதுபக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் பாதியாகப் பிளந்துவிட்டது. உள்ளே ஏற்கெனவே சொத்தை. "அங்கன போயிப் பாத்துக்கிடுதேன்" என்றார். அதற்கு முந்தின லீவிலும் இதையேதான் சொல்லிவிட்டுப் போனார். இந்த முறை நான் விடவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண், ஆனால் பொறுமைசாலி. மூன்று நாள் வரச் சொல்லி ரூட் கெனால் செய்தார். பிறகு பல்லைச் சுற்றிலும் ராவி, அளவெடுத்து, அன்றைக்கே அதன் மேல் உறை மாதிரி ஒரு தற்காலிகக் கேப் மாட்டினார். நிரந்தரக் கேப் மதுரையில் செய்து வரவேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றார்.

அந்த ஒரு வாரத்துக்கு அவர் சொன்ன விதிகள், கைக்குழந்தைக்காரிக்குச் சொல்வதைவிட அதிகம். அந்தப் பக்கம் மெல்லக் கூடாது. கடலை மிட்டாய், அல்வா மாதிரி ஒட்டுகிற எதுவும் ஆகாது. முறுக்கு, எலும்பு கூடவே கூடாது. மெதுவாகத்தான் பல் தேய்க்க வேண்டும். பல்லிடுக்கில் நூல் விட்டால் மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவ வேண்டும். கேப் கழன்றால் தூரப் போடாமல் எடுத்துக்கொண்டு உடனே வரவேண்டும். வீட்டில் இருக்கிற பசையை வைத்து ஒட்டவே கூடாது.

"அப்ப எதுக்கு டாக்டர் லீவுல வந்தேன்?" என்று கேட்டார் இவர்.

நான் வீட்டில் தையல் வேலை செய்கிறவள். அளவு நோட்டு எப்போதும் பையில் இருக்கும். டாக்டர் சொன்னதையெல்லாம் ஒரு ஜாக்கெட் அளவுக்குக் கீழே எழுதிக்கொண்டேன். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், "அக்கா, நீங்க பல்லால நூல் கடிக்கீங்களா? முன்பல்லுல கோடு விழுந்திருக்கு. கத்தரி வச்சுக்கோங்க" என்றார். அதை நான் எழுதவில்லை.

பொங்கல் குறுக்கே வந்தது. மதுரையில் கேப் செய்கிற இடத்தை நாலு நாள் பூட்டிவிட்டார்கள். ஐந்தாம் நாள் இவருக்கு விமானம். பெட்டி கட்டினேன். எலுமிச்சை ஊறுகாய், பருப்புப் பொடி, ஒரு தூக்கு நிறைய முறுக்கு. அறையில் ஏழு பேர் இருப்பார்கள், வெறுங்கையோடு போனால் நன்றாக இருக்காது. அவர் போன மூன்றாம் நாள் டாக்டரிடமிருந்து போன் வந்தது, கேப் வந்துவிட்டது, சாரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று.

நான் மட்டும் போனேன். டாக்டருக்கு அதைக் கையில் கொடுக்க மனசில்லை. கடைசியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஒரு சீட்டும் எழுதித் தந்தார்.

"அங்க யாராவது டாக்டர்கிட்டக் காட்டி ஒட்டச் சொல்லுங்க. ஆனா அதுவரைக்கும் தற்காலிகக் கேப் கழலக் கூடாது. கழண்டு கொஞ்ச நாள் ஆச்சுன்னா பக்கத்துப் பல்லு சாஞ்சிரும், இது உக்காராது. உடைஞ்ச பல்லு வேற, மூடாமக் கிடந்தா அப்புறம் பிடுங்கத்தான் செய்யணும்."

நிரந்தரமாக ஒட்டிய பிறகும் சும்மா இருக்கக் கூடாதாம். கேப்பைப் பூச்சி அரிக்காது, அடியில் இருக்கிற பல்லை அரிக்கும். ஈறோரம் நன்றாகத் தேய்க்க வேண்டும். அதையும் எழுதிக்கொண்டேன். ஒரு பல்லைக் காப்பாற்றுகிற பொறுப்பு, கடல் தாண்டி இருக்கிற ஆளைவிட்டு என் தலையில் ஏறிக்கொண்டது.

அவரோடு ஒரே கேம்பில் இருக்கும் பாய் ஒருவர் கடையநல்லூரில் லீவில் இருந்தார். பிப்ரவரி நடுவில் கிளம்புகிறார் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய் டப்பாவைக் கொடுத்தேன். ஹாலில் பெட்டியைத் திறந்துபோட்டு எடை பார்த்துக்கொண்டிருந்தார். டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஊறுகாய் கொண்டு போயிருக்கேன், கருவாடு கொண்டு போயிருக்கேன். பல்லு கொண்டு போறது இதாம்மா மொதத் தடவ. இன்ஷா அல்லாஹ், பத்திரமா அவரு கையில குடுத்திருவேன்."

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வீடியோவில் கூப்பிடுவார். அவர் போன முதல் வெள்ளியிலிருந்தே நான் முதலில் கேட்பது பல்லைத்தான். "வாயத் திறங்க. இன்னும் நல்லா. வெளிச்சத்துக்குத் திரும்புங்க." கட்டிலில் பனியனோடு உட்கார்ந்து, கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டுவார். பின்னால் மற்றவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும்.

மூன்றாம் வாரம் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. முதல் வாரம் திரையில் என் இடதுகைப் பக்கம் தெரிந்த பல், இப்போது வலதுகைப் பக்கம் தெரிந்தது.

"ஏட்டி, நெட்டு சரியில்லன்னா போன் திருப்பித்தான் காட்டும். கண்ணாடி மாதிரி" என்றார்.

போனைப் பற்றி அவருக்குத்தான் கூடத் தெரியும். விட்டுவிட்டேன். தற்காலிகக் கேப் அசல் பல் மாதிரியே இருக்கிறதே என்று டாக்டரைப் பாராட்டி இரண்டு பேரிடம் சொல்லவும் செய்தேன். பிப்ரவரி கடைசியில் நிரந்தரக் கேப் ஒட்டியாகிவிட்டது என்றார். காட்டவும் காட்டினார். எனக்கு நிம்மதி தாங்கவில்லை. நோட்டைத் திறந்து ஈறோரம் தேய்ப்பதைப் பற்றி முழுசாகப் படித்துக் காட்டினேன். உம் உம் என்று கேட்டுக்கொண்டார்.

மார்ச் மாதம் நூலைக் கடிக்கும்போது என் முன்பல்லின் ஓரம் உடைந்து விழுந்தது. அதுவும் கேப் போட வேண்டிய விஷயம் என்று தெரியும். ஆனால் கல்யாண முகூர்த்தங்கள் இருந்தன, பிறகு பள்ளிக்கூடச் சட்டைகள் வந்தன. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கவலைப்படுவார், அங்கிருந்து அவரால் என்ன செய்ய முடியும்? வெள்ளிக்கிழமைகளில் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். முகம் இருட்டாகத் தெரியும். உதட்டை அதிகம் பிரிக்காமல் பேசப் பழகிக்கொண்டேன். இதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை.

ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். பை இடதுபக்கம்தான், கை தானாகவே அங்கே போகும். அவர் அந்த நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லை. ஆதார் கார்டைப் படம் எடுத்து உடனே அனுப்பச் சொன்னார். வேலையிடத்திலிருந்து கம்பெனிச் சட்டையோடு பேசினார். இந்த ஐந்து மாதத்தில் பனியன் இல்லாமல் அவரை வீடியோவில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

சட்டைப் பையின் மேல் கம்பெனிப் பெயரை நூலால் பின்னியிருந்தார்கள். எழுத்து நேராக இருந்தது. படிக்க முடிந்தது. பை அவருடைய இடதுபக்கம், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

போன் எதையும் திருப்பிக் காட்டவில்லை.

"வாயத் திறங்க" என்றேன்.

"இப்ப என்னட்டி, வேலையில நிக்கேன்."

"திறங்க."

கன்னத்தை இழுத்துக் காட்டினார்.

"சட்டைப் பை இருக்கிற பக்கம் வேண்டாம். மத்தப் பக்கம் காட்டுங்க."

கன்னத்திலிருந்து விரலை எடுத்தார். பிறகு மெதுவாகத் திறந்து வலதுபக்கத்தைக் காட்டினார். அங்கே பல் இல்லை. ஈறு ஆறி வழவழவென்று இருந்தது, ஆறிப் பல நாள் ஆன மாதிரி.

இங்கிருந்து போன இரண்டாம் வாரமே தற்காலிகக் கேப் கழன்று, சோற்றோடு விழுங்கிவிட்டாராம். பாய் டப்பாவைக் கொடுத்த அன்றைக்கே இவர் ஒரு டாக்டரிடம் ஓடியிருக்கிறார். கேப் உட்காரவில்லை. பல்லும் பாதி உடைந்திருந்தது. அடுத்த மாதம் வீங்கிவிட்டது, பிடுங்கிவிட்டார்கள். நான் கொடுத்தனுப்பிய கேப் அவருடைய ஷேவிங் டப்பாவில் இருக்கிறதாம், தூரப் போட மனசு வரவில்லையாம்.

"எதக் கடிச்சீங்க?" என்று கேட்டேன்.

சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எதன்னு கேக்கேம்லா."

"சவத்த விடு. முறுக்குதான்."

தூக்கில் அதை அடுக்கி, மேலே தாள் வைத்து, மூடி கழலாமல் துணி கட்டி அனுப்பியது நான். முறுக்கு கூடாது என்று நோட்டில் எழுதியிருந்ததும் நான். எனக்கு வந்த கோபம் அவர் மேலா என் மேலா என்று தெரியவில்லை, ஆனால் கையில் கிடைத்தது அவர்தான். ஐந்து மாதம் என்னைக் கேணச்சி ஆக்கியிருக்கிறார். வாரா வாரம் நல்ல பல்லைக் காட்டி, என் நோட்டுப் பாடத்தையும் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். வாய் நிறையத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன்.

தையல் மிஷின் ஜன்னலைப் பார்த்து இருக்கிறது. மத்தியான வெளிச்சம் முழுக்க என் முகத்தில் இருந்தது.

"ஏட்டி" என்றார். "ஒம் முன்பல்லுக்கு என்னாச்சு?"

கையால் மூடினேன். அதற்குள் பார்த்துவிட்டார். எப்போது என்றார். மார்ச் என்றேன். அவர் மனசுக்குள் வெள்ளிக்கிழமைகளை எண்ணிக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது.

"வலிக்கா?"

"இல்ல. உங்களுக்கு?"

"எனக்கும் இல்ல."

அதை நான் நம்பவில்லை. நான் சொன்னதை அவரும் நம்பியிருக்க மாட்டார்.

பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "நாளைக்கே டாக்டர்கிட்டப் போ. கேப் போட்டதும் எனக்குக் காட்டணும்" என்றார்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டார். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை, கையை வைத்து மறைக்கவும் இல்லை. அந்தப் பொக்கை முழுசாகத் தெரிந்தது. நானும் கையை எடுத்துவிட்டேன். அவர் போனை வைக்கிறவரை எப்படியோ அடக்கிக்கொண்டு, வைத்த பிறகு அழுதேன்.